போதைப் பயன்பாட்டுக் கோளாறும் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறும்: குமரி மாவட்டச் சூழலில்

மது, புகையிலை, கஞ்சா, அபின் வகைகள், தூக்க மாத்திரை போன்றவற்றை, கேடு வருவது தெரிந்தும் விடமுடியாமல் தொடரும் நோய்நிலைக்குப் போதைப் பயன்பாட்டுக் கோளாறு என்று பெயர். தனக்கோ பிறருக்கோ தீங்கு தரும் ஒரு செயலைச் செய்தே தீரவேண்டும் என்று எழும் உந்துதலை மீண்டும் மீண்டும் அடக்க முடியாமல் போவது உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறு. முன்னதில் ஒரு வேதிப்பொருள் உடலுக்குள் போகிறது. பின்னதில் எதுவும் போவதில்லை. ஆனாலும் இரண்டிலும் ஏக்கம், கட்டுப்பாட்டு இழப்பு, செய்தபின் வரும் குற்றவுணர்வு, மறுபடியும் அதே செயல் என்ற சுழற்சி ஒன்றுதான். அதனால் உளவியலும் மனநல மருத்துவமும் இவற்றை அண்டை நோய்களாகக் கருதுகின்றன.

நாஞ்சில் நாடு என வழங்கும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களையும் கல்குளம், விளவங்கோடு பகுதிகளையும் கொண்டு 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம், இவ்விரு நோய்களையும் ஒருசேரப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். பனங்கள்ளின் பழைய வரலாறு, வெற்றிலைச் செல்லத்தில் தொடங்கிய புகையிலைப் பழக்கம், டாஸ்மாக் என்னும் அரசு மதுக்கடை, எல்லைக்கு அப்பால் அரசே நடத்தும் லாட்டரி, கைப்பேசியில் வந்த ரம்மி ஆகிய அனைத்தையும் இந்தச் சிறிய மாவட்டம் பார்த்திருக்கிறது.

வகைப்பாட்டின் வரலாறு

மிதமிஞ்சிய குடியை நோயாகப் பார்க்கும் எண்ணம் புதிதன்று. அமெரிக்க மருத்துவர் பெஞ்சமின் ரஷ் 1784இல் சாராய வகைகளின் தீங்கைப் பற்றி எழுதிய நூலிலேயே அதன் தொடக்கம் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல் 1838இல் வெளியிட்ட மனநோய் நூலில், அறிவு தெளிவாக இருக்கையிலேயே ஒரு செயலில் மட்டும் தன்னடக்கம் இழப்பவர்களை விவரித்தார். காரணமின்றித் திருடுவது, தீ வைப்பது முதலியவை மருத்துவ ஆய்வுக்கு வந்தது அந்தக் காலத்தில்தான்.

அமெரிக்க மனநல மருத்துவக் கழகம் 1980இல் வெளியிட்ட டி.எஸ்.எம்-3 கையேடு, நோயாக முற்றிய சூதாட்டத்தை முதன்முறையாக ஏற்று, அதை உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் பட்டியலில் வைத்தது. 2013இல் வந்த டி.எஸ்.எம்-5 அதை அங்கிருந்து எடுத்து, மது, அபின் ஆகியவற்றோடு சேர்த்தது. 2022 முதல் நடப்பில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 பகுப்பு, சூதாட்டத்தோடு கணினி, கைப்பேசி விளையாட்டு அடிமைநிலையையும் அவ்வாறே போதை அத்தியாயத்தில் வைத்திருக்கிறது. முன்பு உந்துதல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்த முடி பிடுங்கும் நோய் எண்ணச் சுழற்சி நோய்களின் குடும்பத்துக்குப் போய்விட்டது. வேதிப்பொருள் ஏதும் இல்லாமலேயே மூளை அடிமைப்படும் என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டதன் அடையாளம் சூதாட்டத்தின் இடமாற்றம்.

கண்டறியும் அளவுகோல்கள்

குடிப்பவர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். டி.எஸ்.எம்-5 பதினொரு அளவுகோல்களைத் தருகிறது. எண்ணியதைவிட அதிகமாக, அதிக நாள் பயன்படுத்துவது, குறைக்க முயன்று தோற்பது, பெறவும் பயன்படுத்தவும் தெளியவும் நாளின் பெரும்பகுதி கழிவது, அடங்காத ஏக்கம், வேலை, படிப்பு, வீட்டுக் கடமை தவறுவது, உறவுகளில் விரிசல் கண்டும் தொடர்வது, முன்பு விரும்பியவற்றைக் கைவிடுவது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்தான நேரத்திலும் பயன்படுத்துவது, உடல், மன நோய் வந்தது தெரிந்தும் விடாதது, பழைய அளவு போதாமல் கூட்டிக்கொண்டே போவது, நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் வருவது. பன்னிரண்டு மாதங்களுக்குள் இவற்றில் 2 அல்லது 3 இருந்தால் லேசான கோளாறு, 4 அல்லது 5 இருந்தால் நடுத்தரம், 6 அல்லது அதற்கு மேல் இருந்தால் தீவிரம்.

சூதாட்டக் கோளாறுக்கு ஒன்பது அளவுகோல்கள் உண்டு; நான்கு பொருந்தினால் நோய். விட்ட பணத்தைப் பிடிக்க மறுநாளே திரும்பிப் போவதும், ஆடியதை மறைக்கப் பொய் சொல்வதும், கடனை அடைக்கப் பிறர் கையை எதிர்பார்ப்பதும் அவற்றுள் அடங்கும்.

மதுவின் அளவை அறிய உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விப் பட்டியல் ஒன்று பயன்படுகிறது. அதில் கணக்கிடும் ஓர் அலகு மது என்பது 10 கிராம் எத்தனால். டாஸ்மாக்கில் குவாட்டர் என்று வாங்கும் 180 மில்லி பிராந்தியில் எத்தனால் 42.8 சதவீதம்; எடையில் சுமார் 60 கிராம். அதாவது ஆறு அலகு. ‘ஒரே ஒரு குவாட்டர்தான்’ என்பவர், 5 சதவீத எத்தனால் கொண்ட கள்ளாக இருந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் குடித்திருக்க வேண்டும். தினமும் இந்த அளவு குடிப்பவர் தம்மை அளவாகக் குடிப்பவராக நினைப்பது நோய் தாமதமாகத் தெரியவரும் காரணங்களுள் ஒன்று.

மூளையில் நிகழ்வது

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் 1954இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மூளையின் குறிப்பிட்ட இடத்தில் மின்தூண்டல் தரும் நெம்புகோலை எலிகள் ஓயாமல் அழுத்தின. மூளையில் வெகுமதிப் பாதை ஒன்று உண்டு என்ற அறிவு அங்கிருந்து வளர்ந்தது. நடுமூளையில் தொடங்கி முன்மூளையின் அடிப்பகுதிக்குச் செல்லும் இப்பாதையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரக்கிறது. உணவு, உறவு, வெற்றி ஆகியவை இதைத் தூண்டுவது இயல்பு. போதைப்பொருள்கள் அதே பாதையை இயல்பை மீறித் தூண்டுகின்றன.

டோபமைன் இன்பத்தைவிட எதிர்பார்ப்போடு நெருங்கிய தொடர்புடையது என்பதைப் பின்னால் வுல்ஃப்ரம் ஷுல்ட்ஸின் ஆய்வுகள் காட்டின. பழகிய மூளையில் குப்பியைக் கண்டதுமே, கடை இருக்கும் சந்திப்பில் பேருந்து நின்றதுமே ஏக்கம் எழுவது இதனால்தான். குடித்தபின் கிடைக்கும் இன்பமோ நாளுக்கு நாள் குறைகிறது. அதே வேளையில் மன அழுத்தச் சுற்றுகள் வலுப்பெற, குடிக்காத நேரம் முழுவதும் எரிச்சலும் பதற்றமுமாகிறது. இன்பத்துக்காகத் தொடங்கியவர் இப்போது துன்பம் தணியவே குடிக்கிறார். ‘இன்று வேண்டாம்’ என்று தடுக்கவேண்டிய நெற்றிப் பகுதி மூளையின் பிடியும் தளர்கிறது. அப்பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழு வளர்ச்சி பெறும் என்பதால், பதின்வயதில் தொடங்கும் பழக்கம் ஆழமாக வேர்விடுகிறது.

எப்போது பரிசு விழும் என்று தெரியாத நிலையே செயலை மிக உறுதியாக நிலைக்கச்செய்யும் என்பது பி.எஃப். ஸ்கின்னரின் சோதனைகள் காட்டிய உண்மை. லாட்டரியும் சீட்டாட்டமும் இந்த விதியின்மேல் கட்டப்பட்டவை. ஓர் எண்ணில் பரிசு தவறியவரின் மூளை அதைத் தோல்வியாகக் கொள்ளாமல், வெற்றிக்கு அருகில் வந்ததாகவே பதிவு செய்கிறது.

பொருளும் செயலும் ஒரே பாதையைப் பயன்படுத்துகின்றன என்பதற்கு மருந்துலகச் சான்று ஒன்று உண்டு. நடுக்குவாத நோய்க்குத் தரப்படும் பிராமிபெக்ஸோல், ரோபினிரோல் ஆகியவை டோபமைனைப் போலச் செயல்படுபவை. வாழ்நாளில் சூதாடியிராத முதியவர்கள் சிலர் இம்மருந்துகளைத் தொடங்கியபின் சூதாட்டத்திலும் கட்டுக்கடங்காத செலவிலும் இறங்கினர். மருந்தைக் குறைத்து நிறுத்தியதும் பலருக்கு அந்த உந்துதல் தணிந்தது. அவர்களை ஒழுக்கம் கெட்டவர்கள் என்று எப்படிச் சொல்வது?

உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறின் வகைகள்

இடைவிட்டு வெடிக்கும் சினக் கோளாறில், சிறு காரணத்துக்குப் பொருந்தாத கடுஞ்சினம் திடீரென்று பொங்கிப் பொருளை உடைப்பதிலோ அடிப்பதிலோ முடிந்து, சற்று நேரத்தில் அடங்கிவிடும். கிளெப்டோமேனியா எனப்படும் திருட்டு உந்துதலில், தேவையற்ற, விலையும் பெரிதாக இல்லாத பொருளைத் திருடியே ஆகவேண்டும் என்ற இறுக்கம் எழும். எடுத்ததும் தளர்ச்சி, பின் வெட்கம். பைரோமேனியாவில் பழிவாங்கலோ ஆதாயமோ இல்லாமல் தீ வைக்கும் ஈர்ப்பு தோன்றும். ஐ.சி.டி-11 கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையையும் இங்கே சேர்த்திருக்கிறது. கிளெப்டோமேனியாவும் பைரோமேனியாவும் அரிதானவை. திருடுவோரும் தீ வைப்போரும் பெரும்பாலும் இந்நோயாளிகள் அல்லர். சினக் கோளாறு அவற்றைவிடப் பரவலானது. மதுவோடு சேரும்போது அதன் அடி பெரும்பாலும் வீட்டிலிருக்கும் மனைவி மக்கள்மேல்தான் விழுகிறது.

குமரியில் பனையும் மதுவும்

பனையேறி பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் கிடைப்பது அக்கானி என்று இங்கே வழங்கும் பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லையென்றால் காற்றிலுள்ள ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். ஒரே மரத்தின் சாறு ஒரு விரல் சுண்ணாம்பால் உணவாகவும் போதையாகவும் பிரிகிறது.

தமிழ்நாட்டில் கள் இறக்குவது 1987 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003 நவம்பரில் சில்லறை விற்பனையையும் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஆக, இம்மாவட்டத்தில் சட்டப்படி கிடைக்கும் மது என்பது கள்ளைவிடப் பல மடங்கு செறிவான பிராந்தி, ரம் வகைகளும் பீரும் என்றாயிற்று. களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தால் கள்ளுக்கடை உரிமம் பெற்ற தொழில்.

மதுவிலக்குப் போராட்ட வரலாற்றில் இம்மாவட்டத்துக்குத் துயரமான ஓர் இடம் உண்டு. சேலத்தைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில் மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்போன் கோபுரத்தில் ஏறிப் பல மணி நேரம் போராடி, 2015 ஜூலை 31இல் உயிரிழந்தார். மாநிலமெங்கும் எழுந்த எதிர்ப்பு அலைக்கு அவர் மரணம் வேகமூட்டியது. 2016இலும் 2023இலும் தலா 500 கடைகளை அரசு மூடியது. கடை தள்ளிப்போனால் புதிதாகத் தொடங்குபவர் குறைவர், தூண்டுதலும் குறையும். ஏற்கெனவே நோய்வாய்ப்பட்டவருக்கு அதனோடு மருத்துவமும் வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது, விலை மலிந்த நஞ்சையும் தேடிப்போக வைக்கும் ஏக்கத்தின் கொடுமையைக் காட்டியது.

வெற்றிலைச் செல்லமும் நெய்யூரும்

திருவிதாங்கூர் அரசு 19ஆம் நூற்றாண்டில் புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்து வருவாய் ஈட்டியது. யாழ்ப்பாணப் புகையிலை இக்கரைக்குப் பெருமளவில் வந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு போயிலையும் சேர்த்து வாயில் அடக்கும் வழக்கம் ஆண், பெண் இருவரிடமும் வேரூன்றியது.

அதன் விளைவை உலகுக்குச் சொன்னதில் நெய்யூருக்குப் பங்குண்டு. 1838இல் லண்டன் மிஷன் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணியின் தொடர்ச்சியான நெய்யூர் மருத்துவமனையின் மருத்துவர் பெண்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1933இல் மருத்துவர் ஓர் (Orr) என்பவர், வெற்றிலை மெல்வோரின் வாய்ப்புற்று பற்றி லான்செட் இதழில் விரிவான கட்டுரை வெளியிட்டார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்ற ஹோவர்டு சோமர்வெல் தம் வாழ்வின் பல ஆண்டுகளை இதே மருத்துவமனையில் அறுவை மருத்துவராகக் கழித்தார். பாக்கு தனியாகவே புற்றுநோய் தரவல்லது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட மதிப்பீடு உறுதிசெய்தது. புகையிலையின் நிக்கோட்டினும் போதைப் பயன்பாட்டுக் கோளாறு தரும் பொருளே. தாம்பூலமாக மரியாதை பெற்றதால் அதை யாரும் நோயாக எண்ணுவதில்லை.

எல்லையும் லாட்டரியும்

கேரள அரசு 1967இல் லாட்டரி தொடங்கியது. இன்றும் பிற்பகல் 3 மணிக் குலுக்கல் அங்கே அன்றாட நிகழ்ச்சி. தமிழ்நாடு 2003 ஜனவரியில் லாட்டரியை அடியோடு தடைசெய்தது. பாறசாலையில் சட்டப்படி வாங்கும் சீட்டு, சில கிலோமீட்டர் இப்பால் களியக்காவிளையில் குற்றம். கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்துப் பந்தயம் கட்டும் மூன்று எண் லாட்டரி தமிழக எல்லை மாவட்டங்களில் காவல்துறை அடிக்கடி பிடிக்கும் குற்றம். காலையில் எண்ணைச் சொல்லிப் பணம் கொடுத்தால் மாலைக்குள் முடிவு தெரிந்துவிடுகிறது. இவ்வளவு குறுகிய இடைவெளியே அடிமைநிலையை விரைவுபடுத்துகிறது.

கைப்பேசி அந்த இடைவெளியையும் நிமிடங்களாகச் சுருக்கியது. இணைய ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்ததால், நீதியரசர் கே. சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் தமிழ்நாடு சட்டமன்றம் 2022 அக்டோபரில் தடைச்சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2023 ஏப்ரலில்தான் கிடைத்தது. ரம்மியும் போக்கரும் திறன் விளையாட்டு என்று கூறி அவற்றின் மீதான தடையை 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுதும் தடுத்துச் சட்டம் கொண்டுவந்தது. திறனா, அதிர்ஷ்டமா என்ற கேள்வி நீதிமன்றத்துக்கு முக்கியம். நோயைத் தீர்மானிப்பதோ ஆடியவரால் நிறுத்தமுடிகிறதா என்ற கேள்வி.

காரணிகளும் இணைநோய்களும்

மதுச் சார்பு வருவதில் ஏறத்தாழப் பாதிப் பங்கு மரபணுவுக்கு உண்டு. மற்றப் பாதியில் சிறுவயது வன்முறை, இழப்பு, நண்பர் வட்டம், எளிதாகக் கிடைத்தல் ஆகியவை சேர்கின்றன. மனச்சோர்வு, பதற்ற நோய், இருமுனை மனநோய், கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு ஆகியவை இந்நோயாளிகளிடம் அதிகம். சோர்வு மறையக் குடிப்பதும், குடியால் சோர்வு வளர்வதும் ஒன்றையொன்று ஊட்டும். தற்கொலை எண்ணம் எழும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகவே இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தரவேண்டும்.

விரதமும் விலகல் நோயும்

சபரிமலைக்கு மாலை போட்ட 41 நாளும், தவக்காலத்தின் 40 நாளும் குடியைத் தொடாதவர்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். மாலை கழற்றியதும் அல்லது ஈஸ்டர் முடிந்ததும் பலர் பழைய இடத்துக்கே திரும்புகிறார்கள். ‘நினைத்தால் நிறுத்துவேன்’ என்ற வாதத்துக்கு அவர்கள் இதையே சான்றாகக் காட்டுவர். உளவியல் பார்வையில் அந்த நாள்களில் உதவியது வேறொன்று. ஊரறிய எடுத்த உறுதி, கூடவே நோன்பிருக்கும் குழு, மாறிய உணவும் தூக்கமும், சாமி என்று விளிக்கும் புதிய மரியாதை ஆகிய யாவும் சேர்ந்து தூண்டுதல்களைத் தள்ளிவைத்தன. நாற்பது நாளுக்குப் பின்னும் அத்தகைய கட்டமைப்பு நீடித்தால் மீட்சியும் நீடிக்கும்.

நாள்தோறும் பெருமளவு குடித்தவர் மருத்துவ உதவியின்றித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. கடைசியாகக் குடித்து 6 மணி நேரம் கடந்ததுமே கைநடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாவது முதல் நான்காவது நாளுக்குள் சிலருக்கு டெலீரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் கடுங்குழப்பம் வருகிறது. சுவரில் பூச்சி ஊர்வதாகத் தோன்றும். நாளும் இடமும் மறந்துபோகும். காய்ச்சலும் படபடப்பும் ஏறும். மருத்துவம் இல்லையெனில் உயிருக்கே முடிவாகலாம். கால் முறிந்து படுக்கையில் கிடப்பவருக்கும், கரையிலிருந்து நாள்கணக்கில் தள்ளியிருக்கும் ஆழ்கடல் படகில் இருப்பவருக்கும் இது நேரும். ‘பேய் பிடித்தது’ என்று மந்திரிக்கக் கொண்டுபோகாமல் மருத்துவமனைக்கு விரைவதே உயிர்காக்கும்.

சிகிச்சை

முதற்கட்டம் விலகல் சிகிச்சை. டயஸெபாம், குளோர்டயஸெபாக்சைடு போன்ற மருந்துகளைத் தந்து சில நாள்களில் படிப்படியாகக் குறைப்பர். ஈரல் பழுதானவர்களுக்கு லோரஸெபாம் ஏற்றது. தையமின் என்னும் பி1 வைட்டமின் ஊசி கட்டாயம். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை நிரந்தரமாகப் பழுதாகும் அபாயம் உண்டு.

இரண்டாம் கட்டம் மீண்டும் வீழாமல் காப்பது. நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் ஏக்கத்தைக் குறைக்கின்றன. கிளெப்டோமேனியாவிலும் சூதாட்டக் கோளாறிலும்கூட நால்ட்ரெக்ஸோன் ஆய்வுகளில் பயனளித்துள்ளது. டைசல்ஃபிராம், மது அருந்தியவுடன் கடும் உபாதையை உண்டாக்கும் மருந்து. நோயாளிக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும்படி விற்கப்படும் பொடிகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. டைசல்ஃபிராமே இருந்தால், அறியாமல் குடிப்பவரின் இதயம் நின்றுபோகவும் கூடும். எவ்வளவு தவித்தாலும் குடும்பத்தார் இதைச் செய்யக்கூடாது.

மருந்தோடு உளவியல் சிகிச்சையும் தேவை. வில்லியம் மில்லர் 1983இல் வகுத்த ஊக்கமூட்டும் நேர்காணல், நோயாளியை இடித்துரைக்காமல் அவர் வாயிலிருந்தே மாற்றத்துக்கான காரணங்களை வரவழைக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, எந்த நேரம், எந்த ஆள், எந்த உணர்வு தூண்டுகிறது என்று கண்டு மாற்றுவழி பழக்குகிறது. சூதாட்டத்தில் பணப் பொறுப்பை நம்பகமான ஒருவரிடம் விடுவதும் சிகிச்சையின் பகுதி. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. குடும்பத்தாருக்கு அல்-அனான் உண்டு. தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழிகாட்டியவர் சாந்தி ரங்கநாதன். குடியால் கணவரை இழந்த அவர் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் அமைப்பும் அதன் மருத்துவமனையும் நோயாளியோடு குடும்பத்துக்கும் சிகிச்சை தரும் முறையை வளர்த்தன. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று கொள்ளவேண்டியதில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம் போல இதுவும் ஏறி இறங்கும் நீண்டகால நோய். ஒவ்வொரு முயற்சியும் அடுத்ததற்கு அனுபவமாகிறது.

சட்டம் தரும் காப்பு

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதைப்பொருளால் வரும் மனநிலைகளையும் மனநோயாக ஏற்கிறது. சங்கிலியில் கட்டுவதை எவ்வகையிலும் தடுக்கிறது. உடல்நோய்க்கு இணையான காப்பீட்டை வலியுறுத்துகிறது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6இல் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் கருகியதை நினைத்தால் சங்கிலியைத் தடுக்கும் பிரிவின் அருமை விளங்கும். மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் அடித்துத் திருத்தும் இடங்களுக்கு இச்சட்டத்தில் இடமில்லை. 1985இன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு வைத்திருந்து பிடிபட்டவர் தாமாகச் சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது.

சிகிச்சை இடைவெளி

எய்ம்ஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுள்ள இந்தியரில் 14.6 சதவீதத்தினர், அதாவது சுமார் 16 கோடிப் பேர் குடிக்கின்றனர். மதுப் பிரச்சினைக்கு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிக்கும் மேல். மதுச் சார்புள்ள 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. எஞ்சிய 37 பேரையும் மருத்துவரிடமிருந்து தள்ளிவைப்பதில் ‘குடிகாரன்’ என்ற வசையும், ‘நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள்’ என்ற அச்சமும் பெரும்பங்கு வகிக்கின்றன.

குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் மாவட்ட மனநலத் திட்டத்தையும் நாடலாம். 2022 அக்டோபர் முதல் இயங்கும் டெலி-மானஸ் சேவையின் எண் 14416. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. நோயாளி வர மறுத்தாலும் குடும்பத்தார் முதலில் பேசலாம். பல வீடுகளில் மீட்சி தொடங்குவது அந்த முதல் அழைப்பில்தான்.